பெக்வித் வீட்டுக் குரல்

ஸ்கெல்பி டவுன் கால்பந்துக் கிளப்பின் மைதானம் ஒரு பக்கம் இரண்டு கஜம் குட்டை. வெளியூர் அணிக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஸ்கெல்பிக்காரர்களுக்கு அது சிரிக்கிற விஷயமே இல்லை. 1887இல் கயிற்று ஆலையில் வேலை பார்த்த பதினோரு பேர் சேர்ந்து கிளப்பை ஆரம்பித்தபோது அளக்க அவர்களிடம் ஒரு நாடா கூடக் கிடையாது. அந்தப் பதினோரு பேரில் ஒருவரான ஜோசையா பெக்வித், ஆலையிலிருந்து யாரிடமும் கேட்காமல் ஒரு நீளக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காலையில் ஒரு பக்கம் அளந்தார்கள். மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. அதே கயிற்றால் மறுபக்கத்தை அளந்து முளை அடித்துவிட்டுச் சாராயக் கடைக்குப் போய்விட்டார்கள். நனைந்த கயிறு சுருங்கும் என்று கயிறு திரிக்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். பொழுதன்னைக்கும் அதே வேலையாக இருக்கிறவனுக்குத்தான் அது மறந்து போகும்.

பெக்வித்தை ஆலையில் இரண்டு வாரம் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். கோணலை யாரும் திருத்தவில்லை. நூற்றிருபத்தேழு வருஷமாக அப்படியேதான் இருக்கிறது. கயிறு கிளப் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

எனிட் அந்த பெக்வித் வீட்டு மருமகள். இப்போது எழுபது வயது. நாற்பது வருஷமாகக் கிளப்பின் சட்டைகளைத் துவைத்துக் கொடுக்கிறாள். சனிக்கிழமை சாயந்தரம் சேறும் வியர்வையுமாக மூட்டை வீட்டுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு மிஷின்களும் ஓடும். திங்கட்கிழமை அவள் சமையலறையில் பழுப்பும் வெள்ளையுமாகப் பதினாறு சட்டைகள் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். அவள் அவற்றுக்கு நடுவே குனிந்து நடந்துதான் தேநீர் போடுவாள்.

"ரெண்டாம் நம்பரு, உன்னைய யாரு இப்படி உருளச் சொன்னது?" என்பாள். "ஒன்பது, நீ ஓடவே இல்லையா? மடிப்புக் கலையாம வந்திருக்க."

பேச வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்? அவள் புருஷன் கிளிஃபர்ட் இருந்தவரை காலுறைகளை ஜோடி சேர்ப்பது அவர் வேலை. மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஏதோ ராணுவ ரகசியம் போல ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதத்தில் ஒருநாள் அந்த மேஜையிலேயே தலையைச் சாய்த்தவர்தான். பிள்ளை குட்டி கிடையாது. அதற்குப் பிறகு எனிட் காலுறைகளை ஜோடி சேர்ப்பதில்லை. குவியலாகவே திருப்பி அனுப்புகிறாள். ஆட்டக்காரர்களும் ஒன்றும் கேட்டதில்லை.

அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது வேறு ஒன்று.

ஒவ்வொரு ஆகஸ்டும் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம் தொடங்கும் முன், ஸ்கெல்பி கேப்டன் நடு வட்டத்தில் நின்று அந்தப் பதினோரு பேரின் பெயர்களையும் படிப்பார். ஒரு பெயர் படித்ததும் கேலரியில் அந்த வீட்டு வாரிசுகள் எழுந்து நின்று, "இருக்கோம்" என்று குரல் கொடுப்பார்கள். குரல் வந்தால் அடுத்த பெயர். வராவிட்டால் ஒரு மூச்சு விடும் நேரம் மைதானமே வாய் மூடி நிற்கும். தொடர்ந்து ஏழு ஆகஸ்ட் குரல் வராத பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். உடை மாற்றும் அறை வாசலில் அந்தப் பெயர் பொறித்த பித்தளைத் தகடும் கழன்றுவிடும். பதினொன்றில் நாலு பெயர் இப்படிப் போய்விட்டது. நாலு வெறும் இடம், இடத்துக்கு இரண்டு ஸ்குரூ ஓட்டை.

பெக்வித் பெயருக்கு ஆறு ஆகஸ்டாகக் குரல் இல்லை. எனிட் கேலரியில் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவள் வாய் திறக்கக் கூடாது. ரத்த உறவுதான் குரல் கொடுக்க வேண்டும், கல்யாணம் பண்ணி வந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்பது கயிற்றோடு சேர்ந்து வந்த விதி.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம் கிளப் தலைவர் டென்னிஸ் ஆக்ராய்ட் வந்தார். அவரும் பதினோரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர். ஸ்கெல்பியில் எல்லோரும் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள், டென்னிஸ் கொஞ்சம் அதிகம். தொங்கும் சட்டைகளை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் ரொம்ப நேரம் முக்கி, அது உள்ளே விழுந்து கரைந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"கண்ணு, இது ஏழாவது வருசம்."

"எனக்கு எண்ணத் தெரியும், டென்னிஸ்."

"கிளிஃப் வழியில யாருமே இல்லையா? சித்தப்பன் மவன், ஆஸ்திரேலியாவுக்குப் போனவன், அந்த மாதிரி?"

"இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

டென்னிஸ் தேநீருக்குள் பார்த்தார். "தகட்டை உனக்கே குடுத்துடறோம். கமிட்டியில பேசிட்டேன். இங்க, அடுப்புக்கு மேல மாட்டிக்கலாம். நல்லா இருக்கும்."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனிட் விடவில்லை. "கழட்டின நாலு தகடு யாரு வீட்டு அடுப்புக்கு மேல இருக்கு?" என்று கேட்டாள். டென்னிஸ் இரண்டாவது பிஸ்கட்டைத் தொடாமலே எழுந்து போனார்.

அவர் போன பிறகு எனிட் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினாள். ஒரு காகிதம், ஒரு போட்டோ, ஒரு தூரத்து உறவின் விலாசம் கிடைக்காதா என்று. கிடைத்ததெல்லாம் ஒரு கட்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். வருஷத்துக்கு ஒன்று, 'ரேமண்ட், வென்லோ' என்ற கையெழுத்தோடு. யார் என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, "பஸ் டிப்போவுல பழக்கம்" என்று கிளிஃபர்ட் சொல்லியிருந்தார். ஆனால் கிளிஃபர்ட் வாழ்நாள் பூராவும் தபால் ஆபீஸில் அல்லவா வேலை பார்த்தார்? அட, இத்தனை வருஷம் இது எப்படித் தனக்கு உறைக்கவில்லை என்று அட்டையைப் பிடித்தபடி நின்றாள்.

வென்லோ நாற்பது நிமிஷ பஸ் தூரம். ஸ்கெல்பிக்காரர்கள் அந்த ஊருக்குச் சும்மா போக மாட்டார்கள். அங்கே தோல் பதனிடும் ஆலை இருந்த காலத்தில் வைத்த பெயர், 'நாத்தக்காரனுங்க'. ஆலையை மூடி ஐம்பது வருஷம் ஆகியும் பெயர் மட்டும் போகவில்லை. ஸ்கெல்பி ஆடிய முதல் ஆட்டமே வென்லோவோடுதான். ஒன்பது கோல் வாங்கித் தோற்றார்கள். மைதானம் கோணல் என்று அன்றைக்கே வென்லோக்காரர்கள் கேலி பண்ணினார்களாம். அப்படியானால் ஒன்பதும் எங்கள் கோணல் பக்கத்தில் எப்படிப் போட்டீர்கள் என்று ஸ்கெல்பியில் இன்றைக்கும் கேட்பார்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறதோ தெரியாது. ஆனால் கேட்பார்கள்.

அட்டை வந்த உறையில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனாள். ரேமண்ட் பிக்கப் வீட்டு ஜன்னலில் வென்லோ அணியின் பச்சைத் துண்டு தொங்கியது. எனிட் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் தட்டினாள். எழுபத்தேழு வயசு மனுஷர் திறந்தார். உள்ளே ஒரே இரைச்சல். மகள், மகளின் பிள்ளைகள், யாரோ எதற்கோ அழுகிறார்கள், யாரோ மாடிப்படியில் பந்து உருட்டுகிறார்கள். அவள் தன் பெயரைச் சொன்னதும் ரேமண்ட் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்.

"கிளிஃப்போட வீட்டுக்காரம்மாவா? உள்ள வாங்க. அட்டை வரலேன்னதும் நெனச்சேன், மனுசன் போய்ட்டாருன்னு. எழுதி விசாரிச்சிருக்கணும். எழுதல."

பின்பக்கத்துச் சின்ன அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். எனிட் வந்த காரியத்தைச் சொன்னாள். பெக்வித் ரத்தம் யாராவது இருக்கிறார்களா, தெரியுமா என்று கேட்டாள்.

"நான்தான்" என்றார் ரேமண்ட். "எங்க அம்மாவைப் பெத்தவ ஹேன்னா பெக்வித். ஜோசையாவுக்கு ஒரே மவ. வென்லோக்காரனைக் கட்டிக்கிட்டான்னு அப்பன்காரர் கடைசி வரைக்கும் மூஞ்சியில முழிக்கல. நீங்க வந்தப்ப கத்திக்கிட்டு ஓடுச்சு பாருங்க மூணு உருப்படி, அதுங்களும் பெக்வித் ரத்தந்தான்."

"ஒரே மவளா? அப்ப ஆல்பர்ட்? கிளிஃபோட தாத்தா?"

ரேமண்ட் மோவாயைச் சொறிந்தார். "உங்ககிட்ட அவரு சொல்லவே இல்லையா?"

"என்னத்தை?"

"ஆலைச் சக்கரத்துல ஒருத்தன் மாட்டிச் செத்துட்டான். பெண்டாட்டி ஏற்கெனவே இல்ல. கைப்பிள்ளை ஒண்ணு கெடந்துது. அநாதை விடுதிக்குக் குடுக்க வேணாம்னு ஜோசையாதான் சணல் சாக்குல சுத்தித் தூக்கிட்டு வந்தாரு. அதுதான் ஆல்பர்ட். பேரு குடுத்து வளத்தாரு. மத்தபடி ரத்தம் கித்தம் எதுவும் கெடையாதுங்க."

மாடிப்படியில் பந்து தட் தட் என்று இறங்கியது. எனிட் தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.

"கிளிஃபுக்கு எப்பத் தெரியும்?"

"எழுபத்தொன்பதுல. அவங்கப்பா சாகப்போற நேரத்துல சொல்லிட்டாராம். அந்த ஜூலையிலேயே வந்தாரு. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலி. 'நியாயப்படி நீங்கதான் ரேமண்ட் எழுந்து நிக்கணும், வரீங்களா'ன்னாரு. நான் சிரிச்சுட்டேன். ஸ்கெல்பி மைதானத்துல நின்னு 'இருக்கோம்'னு சொன்னா, டிப்போவுல என் தோலை உரிச்சுடுவானுங்கன்னேன். அவரு சிரிக்கல. தேத்தண்ணி ஆறிப்போற வரைக்கும் உக்காந்திருந்தாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க, 'நான் தொடர்ந்து சொன்னா உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா'ன்னு. எனக்கென்ன, சொல்லிக்குங்கன்னேன். அதுலேர்ந்து வருசா வருசம் அட்டை போடுவாரு, நானும் பதிலுக்குப் போடுவேன்."

எனிட் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இப்பவும் எனக்கு அதே பதில்தாங்க" என்றார் ரேமண்ட். "நான் வரமாட்டேன். என் பிள்ளைங்களும் வராதுங்க. வேற யாரு சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஆளே இல்லை. எனிட் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டே வந்தாள். பாவி மனுஷா, நாற்பத்தோரு வருஷம் ஒரே தலையணையில் படுத்தோமே. முன்பின் தெரியாத வென்லோக்காரனிடம் போய்க் கொட்டினாய். என்னிடம் சொல்ல வாய் வரவில்லையா? அப்படி நான் என்ன பண்ணிவிட்டேன்?

என்ன பண்ணினாள் என்று ஸ்கெல்பி பாலம் வருவதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமானபோது அவள் அப்பா கடைவீதி முழுக்க, "என் மவ பதினோரு வீட்டுல ஒரு வீட்டுக்குப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மைதானத்துத் தேநீர்க் கடையில் ஊற்றிக் கொடுக்கும் மேவிஸ் டார்டாஃப் கொஞ்சம் பெருமை பேசினால் போதும், "நீங்க ஏழாவது பேரு, நாங்க அஞ்சாவது பேரு" என்று வாயை அடைப்பாள். கிளிஃபர்ட் பக்கத்தில் நின்று சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வரும் வழியில், "அந்தம்மாவை எதுக்குக் கண்ணு வம்புக்கு இழுக்கற" என்பார். அவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு அடங்கியிருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. இப்போது தெரிந்து யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரே வீட்டில் அவர் இருபத்தொன்பது வருஷம் தனியாக இருந்திருக்கிறார். அதை நினைத்ததும் கோபம் போய், ஓட்டுநருக்குக் கேட்காமல் அழுதாள்.

ஆகஸ்டு வரைக்கும் இரண்டு வாரம் இருந்தது. சட்டைகளுக்கு நடுவே நடந்துகொண்டே யோசித்தாள். ரத்தம் இல்லாத கிளிஃபர்ட் அத்தனை வருஷம் குரல் கொடுத்தார், அதனால் நானும் கொடுக்கலாம் என்று கமிட்டியில் சொன்னால் டென்னிஸ் தலையாட்டிவிடுவார். தகடு நின்றுவிடும். ஆனால் அதைச் சொன்ன நிமிஷத்தில் கிளிஃபர்ட் ஊர் வாயில் விழுந்துவிடுவார். இருபத்தொன்பது வருஷம் ஏமாற்றியவர் என்று மேவிஸ் தேநீர்க் கோப்பையோடு சேர்த்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுப்பாள். சொல்லாமல் இருந்தால் அவர் மானம் நிற்கும், பெயர் போய்விடும். இரண்டில் எதை விடுவது?

"அஞ்சாம் நம்பரு, நீ சொல்லேன்" என்றாள். சட்டை சொட்டு சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்துச் சனிக்கிழமை நல்ல வெயில். எனிட் இரண்டரை மணிக்கே கேலரிக்கு வந்துவிட்டாள். வரும்போது உடை மாற்றும் அறை வாசலைப் பார்த்தாள். பெக்வித் தகட்டில் ஒரு ஸ்குரூ ஏற்கெனவே பாதி வெளியே வந்திருந்தது. யாரோ முன்கூட்டியே தளர்த்தி வைத்திருக்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று. அவள் விரலால் உள்ளே திருகப் பார்த்தாள். நகம்தான் ஒடிந்தது.

அவளுடைய நாற்காலியும் பக்கத்து நாற்காலியும் மரத்தாலானவை. பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் உட்காருவதில்லை. இந்த மாதிரி மரியாதை கொடுக்கிறவர்கள் ஒருநாளாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

முன்பெல்லாம் அந்த நாற்காலியில் கிளிஃபர்ட் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டே இருப்பார். பெயர் வந்ததும் எழுந்து, "இருக்கோம்" என்பார். மற்ற வீடுகளில் ஐந்தாறு பேர் சேர்ந்து கத்துவார்கள். இவர் குரல் ஒற்றையாகப் போகும். உட்கார்ந்ததும் தன் கையை எடுத்து அவள் கை மேல் வைப்பார். சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். "இது கையா, பாத்திரம் துடைக்கிற துணியா?" என்று வருஷா வருஷம் அவள் கேலி பண்ணுவாள். "வெயில்" என்பார். மழை பெய்த ஆகஸ்டிலும் வெயில் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது கேப்டன் நடு வட்டத்துக்கு வந்தார். டென்னிஸ் கோட்டோரத்தில் நோட்டுப் புத்தகமும் சிவப்புப் பென்சிலுமாக நின்றார். அவர் எனிட் பக்கம் திரும்பவே இல்லை.

"தாமஸ் ஆக்ராய்ட்."

"இருக்கோம்" என்றார் டென்னிஸ் நின்ற இடத்திலிருந்தே. கேலரியிலிருந்து அவர் மக்கள் சேர்ந்து கத்தினார்கள். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல எதுவுமில்லை. போன பெயர்களின் இடத்தில் கேப்டன் நிற்காமல் தாண்டிப் போனார்.

"ஜோசையா பெக்வித்."

மைதானம் வாய் மூடியது. தொப்பி போட்டவர்கள் தொப்பியை எடுத்தார்கள், செத்த வீட்டில் எடுப்பது போல. எனிட் வலது கையால் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெரிய குரலாக வரும் என்று நினைத்தாள். வந்தது சின்னக் குரல்தான்.

"இருக்கோம்."

கேப்டன் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். எல்லாத் தலையும் திரும்பின. இரண்டு வரிசை பின்னால் மேவிஸ், "இதென்ன அநியாயம், அவ வாக்கப்பட்டு வந்தவ. ரத்தம் இல்லையே" என்றாள். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எனிட்டுக்குத் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், மேவிஸ் வாய் அடைத்துப்போகும். முப்பது வருஷமாக அடைத்த வாய்தானே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். உட்காரவும் இல்லை.

டென்னிஸ் அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தது போல இருந்தது. அவருக்கு ஏதாவது தெரியுமா, தெரியாதா என்று அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"பெக்வித் வீட்டுலேர்ந்து குரல் வந்துச்சு" என்றார் கேப்டனிடம். "அடுத்த பேரைப் படிப்பா. நேரமாவுது."

கேப்டன் அடுத்த பெயரைப் படித்தார். தொப்பிகள் தலைக்குத் திரும்பின. மேவிஸ் ஏதோ முணுமுணுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் பெயர் வந்தது, அவளும் எழுந்து கத்திவிட்டு உட்கார்ந்தாள். நடுவர் விசில் ஊதினார். ஐந்தாம் நம்பர், துவைத்த சட்டையோடு முதல் நிமிஷத்திலேயே முந்தின நாள் மழைச் சேற்றில் சறுக்கி விழுந்தான்.

எனிட் உட்கார்ந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையை மடியில் வைத்தபோது பாவாடையில் ஈரம் பட்டது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெயில் கேலரியின் அந்தப் பக்கத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது, அவள் இருந்த இடம் நிழல்.

அவள் கையை எடுத்துப் பக்கத்து நாற்காலியின் வெறும் பலகை மேல் வைத்தாள். ஆட்டம் முடிகிறவரைக்கும் எடுக்கவில்லை.